உங்கள் பகுதியில் என்ன நடக்கிறது? சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு

கேள்வி இது: "வேலைக்காகச் சென்னைக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வாடகை அபார்ட்மென்ட். பக்கத்துப் பூங்காவில் கச்சேரி நடந்தது, தெருவைத் தோண்டப் போகிறார்கள், காலையில் கரன்ட் இருக்காது என்பதெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங்கும் பார்க்கிங் சண்டையும் தவிர எதுவும் இல்லை. பகுதிச் செய்தியை முன்கூட்டியே தெரிந்துகொள்ள என்ன வழி?"

உங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு முகவரி இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். குழப்பமே அங்கேதான் ஆரம்பம். மாநகராட்சிக்கு நீங்கள் ஒரு வார்டு. மின்வாரியத்துக்கு ஒரு பிரிவு அலுவலகம். குடிநீர் வாரியத்துக்கு ஒரு டிப்போ. போலீசுக்கு ஒரு ஸ்டேஷன் எல்லை. இந்த எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. நீங்கள் ஆட்டோக்காரரிடம் சொல்கிற "நகர்" பெயரோடு இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாமல் இருக்கலாம். அறிவிப்புகள் எல்லாம் வந்துகொண்டுதான் இருக்கின்றன, உங்களுக்குத் தெரியாத பெயரில். ஆகவே முதல் வேலை, உங்கள் வீடு ஒவ்வொரு துறையின் கணக்கிலும் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஒரு சனிக்கிழமை காலை போதும்.

வார்டு எண்ணில் தொடங்குங்கள். பெருநகர சென்னை மாநகராட்சியில் மொத்தம் 200 வார்டுகள். வீட்டு உரிமையாளரிடம் சொத்து வரி ரசீதைக் கேளுங்கள். அதில் உள்ள நீளமான எண்ணில் முதல் பகுதி மண்டலம், இரண்டாவது பகுதி வார்டு. உரிமையாளர் ரசீதைக் காட்டத் தயங்கினால் (சிலர் தயங்குவார்கள், வாடகைக்காரர் எதற்கு வரி எண் கேட்கிறார் என்று சந்தேகம் வரும்) தெருமுனைப் பெயர்ப் பலகையைப் பாருங்கள். தெருப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மண்டலமும் வார்டும் போட்டிருக்கும். பழைய பலகையில் வார்டுக்குப் பதில் "கோட்டம்" என்று இருக்கும். பெரும்பாலும் சரியாக அந்த எண்ணின் மேலேதான் யாராவது டியூஷன் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். அடுத்த முனைக்குப் போய்ப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. "சென்னையில் இருக்கிறேன்" என்று சொல்கிறவர்களில் ஏராளமானோர் சென்னை மாநகராட்சியில் இல்லை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சி. அதற்குத் தனியாக 70 வார்டுகள். ஆவடி 2019-லேயே தனி மாநகராட்சி ஆகிவிட்டது. மேடவாக்கம் போல ஊராட்சியாகவே பெருத்துப்போன இடங்களும் உண்டு. அங்கே நடப்பது கிராம சபை, ஐ.டி. கம்பெனி பஸ் நிற்கிற சாலையாக இருந்தாலும். உங்கள் வீடு எதில் வருகிறது என்று தெரியாமல் 1913-ஐக் கூப்பிட்டால், "அது எங்கள் எல்லை இல்லை சார்" என்ற பதிலோடு போன் வைக்கப்படும்.

1913 என்பது சென்னை மாநகராட்சியின் புகார் எண். மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் 1913தான், நினைவில் வைத்துக்கொள்ள வசதி. குப்பை, தெருவிளக்கு, கொசு, பள்ளம், நாய் எல்லாவற்றுக்கும் அதுதான். "நம்ம சென்னை" செயலியிலும் போடலாம். ஆனால் அதைப் புகாருக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தெருவில் ஏதாவது பெரிய வேலை நடக்கப்போவது போலத் தெரிந்தால், யார் செய்கிறார்கள், மழைநீர் வடிகாலா, கேபிளா, பாதாளச் சாக்கடையா என்று வார்டு உதவிப் பொறியாளரிடம் கேட்கலாம். வார்டு அலுவலகத்தில் அவரைப் பிடிக்கக் காலை நேரம்தான் தோது. பத்தரை மணிக்கு மேல் களத்துக்குப் போய்விடுவார், அல்லது போய்விட்டதாகச் சொல்வார்கள்.

தெரு தோண்டுவதற்கு ஒரு பருவம் உண்டு. வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது புதிதாகச் சாலை வெட்ட மாநகராட்சி தடை போடும். அந்தத் தடைக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆகஸ்ட், செப்டம்பரில் எல்லாத் துறையும் ஒரே நேரத்தில் கடப்பாரையோடு இறங்கும். ஆக, உங்கள் தெரு ஜூலை வரை தப்பித்திருந்தால் நிம்மதி அடைய வேண்டாம். பெரிய சாலைகளின் கதை வேறு. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ.; மயிலாப்பூர் லஸ், ஆற்காடு சாலை மாதிரியான இடங்களில் போக்குவரத்து மாற்றம் வருடக்கணக்கில் நீள்கிறது. மாற்றங்களைப் போக்குவரத்துப் போலீசார் தங்கள் எக்ஸ், ஃபேஸ்புக் பக்கங்களில் வரைபடத்தோடு போடுகிறார்கள். அதைப் பின்தொடருங்கள். நகரத்தில் எந்தத் திருவிழா, எந்த ஊர்வலம், எந்த மாரத்தான் எப்போது என்பதைப் பல நேரம் நிகழ்ச்சி நடத்துகிறவரைவிட முன்னதாகச் சொல்வது அந்தப் பக்கம்தான்.

இனி கரன்ட். முன்னறிவிப்போடு நடக்கும் மின்தடை பெரும்பாலும் பராமரிப்புப் பணிக்காக, காலை 9 முதல் பிற்பகல் 2 வரை. முந்தின நாளே பத்திரிகைகளில் வந்துவிடும். நீங்கள் தவறவிடுவதற்குக் காரணம் அதை வாசிக்கும் முறை. பட்டியலில் தடித்த எழுத்தில் தலைப்பாக இருப்பது பெரும்பாலும் துணை மின்நிலையத்தின் பெயர். நீங்கள் குடியிருக்கும் இடத்தின் பெயர் அல்ல. உங்கள் தெரு பக்கத்துப் பேட்டையின் துணை மின்நிலையத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தால், அந்தப் பேட்டையின் தலைப்புக்குக் கீழே, கமாக்களுக்கு நடுவே, பதினைந்தாவது பெயராக ஒளிந்திருக்கும். உங்கள் "நகர்" தலைப்பில் இல்லை என்று நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். மின் கட்டண ரசீதில் பிரிவு அலுவலகத்தின் பெயர் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, மின்வாரிய இணையதளத்தில் உள்ள மின்தடைப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். திடீர்த் தடைக்கு மின்வாரியத்தின் புகார் மையமான "மின்னகம்": 94987 94987. கூப்பிட்டால் மின் இணைப்பு எண் கேட்பார்கள், கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

குடிநீர் வாரியத்தின் எண் 1916. அதைவிட உபயோகமானது, பலர் கேள்விப்படாதது, ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை பகுதி அலுவலகங்களில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம். காலை 10 முதல் 1 மணி வரை. போனில் பிடிபடாத பொறியாளர் நேரில் உட்கார்ந்திருப்பார். உங்களுக்குப் பிரச்சினையே இல்லாவிட்டாலும் ஒரு தடவை போய் உட்கார்ந்து பாருங்கள். பின் தெருவில் தண்ணீர் கலங்கி வருகிறது, அடுத்த மாதம் குழாய் மாற்றப் போகிறார்கள், லாரி இந்த வாரம் வராது போன்ற, எந்தப் பத்திரிகையிலும் வராத தகவல்கள் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் காதில் விழும். மின்வாரியமும் செயற்பொறியாளர் அலுவலகங்களில் மாதாமாதம் இதே மாதிரி மின் நுகர்வோர் குறைதீர் கூட்டம் நடத்துகிறது.

கவுன்சிலர் விஷயத்துக்கு வருகிறேன். 2016 இறுதியிலிருந்து 2022 தொடக்கம் வரை இந்த நகரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே கிடையாது, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். அந்த இடைவெளியில் குடிவந்தவர்களுக்குக் கவுன்சிலர் அலுவலகம் என்று ஒன்று இருப்பதே பழக்கமில்லாமல் போனது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்த பிறகு, வார்டு குழு, பகுதி சபா என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று: ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசும் கூட்டம். 1992-ல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தமே மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம்மிடம் பகுதி சபா முதன்முதலாகக் கூடியது 2022 நவம்பர் 1 அன்று, முப்பது வருடம் கழித்து. நடைமுறை எப்படி என்றால், சில வார்டுகளில் ஒழுங்காக நடக்கிறது, சிலவற்றில் போட்டோவுக்காக நடக்கிறது, சிலவற்றில் முந்தின நாள் இரவுதான் தகவல் வருகிறது. கவுன்சிலர் அலுவலகத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து, கூட்டம் கூடும்போது சொல்லச் சொல்லுங்கள். கேட்டு வைத்தவர்களுக்குத்தான் சொல்வார்கள்.

வாக்காளர் என்றேன். உங்கள் ஓட்டு இன்னும் சொந்த ஊரில்தான் இருக்கும். நல்லது கெட்டது உங்கள் முடிவு. மாற்ற விரும்பினால் படிவம் 8. வாக்காளர் பட்டியல் திருத்தம் நடக்கும் மாதங்களில் வார இறுதியில் வாக்குச்சாவடிப் பள்ளியிலேயே முகாம் போடுவார்கள்.

சரி, இதெல்லாம் தண்ணீர், கரன்ட், ரோடு. நீங்கள் கேட்டதில் பாதி, பூங்காக் கச்சேரி மாதிரியான சந்தோஷமான விஷயங்கள். அதற்கு வேறு வழி.

1990-களில் இந்த ஊரில் ஒரு நல்ல பழக்கம் வேர்விட்டது: பகுதிப் பத்திரிகை. மயிலாப்பூர் டைம்ஸ், அடையார் டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ், அண்ணா நகர் டைம்ஸ் என்று வார இறுதியில் வாசலில் வந்து விழும் இலவச டேப்ளாய்டுகள். காசு முழுக்க விளம்பரத்திலிருந்து. எந்தத் தெருவில் மரம் விழுந்தது, எந்தப் பள்ளிக்கு நூறு வயது, எந்த மாமி பலகாரம் செய்து விற்கிறார் என்பதுதான் தலைப்புச் செய்தி. பெரிய பத்திரிகைகள் திரும்பிப் பார்க்காத அளவில் ஒரு தெருவை எழுதலாம் என்று காட்டியவை இவை. உங்கள் பகுதிக்கு அச்சில் வருகிறதா, இணையத்தில் மட்டுமா என்று விசாரியுங்கள். கிடைத்தால் முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் வரி விளம்பரங்களையும் படியுங்கள். வீடு காலி, யோகா வகுப்பு, சமையலுக்கு ஆள், கொலு பொம்மை விற்பனை எல்லாம் அங்கேதான்.

இவற்றில் எனக்கு இரண்டு குறை எப்போதும் உண்டு. ஒன்று, ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலம். இரண்டு, விளம்பரக் காசு இருக்கிற இடத்தில்தான் இவை செழித்தன. தென் சென்னைக்கும் அண்ணா நகருக்கும் கிடைத்த அளவு வியாசர்பாடிக்கோ தண்டையார்பேட்டைக்கோ கிடைக்கவில்லை. அங்கே செய்தி இல்லாமல் இல்லை. கால்பந்துப் போட்டியும் கேரம் போட்டியும் கானாக் கச்சேரியும் வாராவாரம் நடக்கிற இடங்கள் அவை. அங்கே செய்தி சுவரில் இருக்கிறது.

சுவரை வாசிக்கப் பழகுங்கள், எந்தப் பகுதியில் இருந்தாலும். சென்னைக்காரர்கள் இதைத் தன்னையறியாமல் செய்வார்கள், வந்தவர்களுக்குப் போஸ்டர் எல்லாம் ஒரே குப்பையாகத் தெரியும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பிறப்பு, மறைவு, ஊர்வலம் கிளம்பும் நேரம் மூன்றும் இருக்கும். மாலை நாலு மணிக்கு ஊர்வலம் என்றால் நாலரைக்கு அந்தச் சாலையில் பறையும் பூவும் இருக்கும், உங்கள் ஆபீஸ் வண்டி நகராது. கீழே வரிசையாக இருக்கும் பெயர்களைப் பார்த்தால் அந்தத் தெருவில் யார் யாருக்கு வேண்டியவர், எந்த மன்றம், எந்த ஆட்டோ ஸ்டாண்டு என்று தெரிந்துவிடும். கோயில் சுவரில் மஞ்சள் தாளில் ஒட்டியிருப்பது திருவிழாப் பத்திரிகை. எந்த நாள் எந்த வாகனம், எந்த வீதி வழி என்று நாள்வாரியாக அச்சடித்திருப்பார்கள். நலச்சங்கம் உயிரோடு இருக்கும் இடங்களில், நங்கநல்லூர் பக்கம் மாதிரி, தெருமுனையில் பெயின்ட் போன கரும்பலகை ஒன்று இருக்கும். அதில் சுண்ணாம்புக்கட்டியில் எழுதியிருப்பதைத் தினமும் கடந்துபோகும்போது படியுங்கள். மாலை நேரத்தில் மைக் கட்டிக்கொண்டு மெதுவாகப் போகிற ஆட்டோவையும் அலட்சியப்படுத்தாதீர்கள். மருத்துவ முகாமும் வரி கட்டக் கடைசி நாளும் அதில்தான் வரும்.

அப்புறம், ஊருக்கு ஒரு காலண்டர் உண்டு. தேதி மாறினாலும் வரிசை மாறாது, அதைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

ஜனவரியில் பொங்கலுக்கு முந்தைய நாட்களில் மயிலாப்பூர் திருவிழா. கோயிலுடையது அல்ல, மாட வீதிகளில் நடக்கும் கலைவிழா. வடக்கு மாட வீதியில் தார்ச்சாலை முழுக்கக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒருவர் என்று கோலப் போட்டி நடக்கும். கம்பிக்கோலம் போடும் பாட்டிக்குப் பக்கத்துக் கட்டத்தில் பத்து வயதுப் பையன் உட்கார்ந்திருப்பான். பொங்கலை ஒட்டி, 2007-ல் தொடங்கி நடுவில் நின்று 2023-ல் மீண்டும் உயிர்பெற்ற சென்னை சங்கமம். பூங்காக்களிலும் மைதானங்களிலும் பறையாட்டமும் தெருக்கூத்தும் இலவசமாகப் பார்க்கலாம். அதே சமயம் நந்தனத்தில் புத்தகக் காட்சி, 1977-லிருந்து நடப்பது. ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-ல் தொடங்கிய விழா ஒன்று உண்டு: பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குப்பத்தின் மணலில் கர்நாடகக் கச்சேரி. அதன் அடுத்த பதிப்பு பற்றிக் காதில் விழுந்தால் விடாதீர்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை நடை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இந்த ஊரில் எனக்குப் பிடித்த பகுதி நிகழ்ச்சி இதுதான். பங்குனி ஆமைகள் சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வருகின்றன. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-லிருந்து அந்தப் பருவத்தில் இரவு இரவாகக் கரையோரம் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான குழிக்கு மாற்றுகிறது. பொதுமக்களையும் வார இறுதி இரவுகளில் சேர்த்துக்கொள்வார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர் மணலில் நடை. டார்ச் அடிக்கக்கூடாது, கத்தக்கூடாது. ஆமை கிடைக்காமலும் போகலாம். கிடைக்கும் இரவில் மணலில் டிராக்டர் டயர் தடம் போல ஒரு கோடு கடலிலிருந்து ஏறி வந்திருக்கும். வழிநடத்துகிற பையன் ஒரு குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பான். மணல் ஓரிடத்தில் சற்றே இளகிக் கொடுத்ததும் கையால் தோண்ட ஆரம்பிப்பான். முழங்கை வரை உள்ளே போன பிறகு முதல் முட்டை வரும், பிங்பாங் பந்து அளவில், ஆனால் தொட்டால் லேசாக அமுங்கும். இதற்கு விளம்பரம் கிடையாது, அவர்கள் பக்கத்தில் தேதி போடுவார்கள், அவ்வளவுதான்.

பங்குனியில் கபாலீஸ்வரர் கோயில் பெருவிழா பத்து நாள். மூன்றாம் நாள் விடிகாலை அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். எட்டாம் நாள் மயிலாப்பூருக்குள் வண்டியில் நுழைய நினைப்பவரை யாரும் காப்பாற்ற முடியாது. நடந்து போங்கள், வழியெல்லாம் நீர்மோர் கொடுப்பார்கள். ஆடியில் எந்தப் பேட்டையிலும் அம்மன் கோயில் மைக் செட்டும் கூழும் உண்டு. எந்த ஞாயிறு என்பதைத் தெரு இஸ்திரிக்காரரிடம் கேட்டால் சொல்வார்.

ஆகஸ்டில் மெட்ராஸ் தினம். 1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கரையோர நிலம் எழுதித் தரப்பட்டதை வைத்து, வரலாற்றாளர் எஸ்.முத்தையா, பத்திரிகையாளர்கள் சசி நாயர், வின்சென்ட் டிசூசா ஆகியோர் 2004-ல் தொடங்கி வைத்தது. இதற்கென்று தலைமை அலுவலகமோ டிக்கெட்டோ கிடையாது. தெரு வரலாறு தெரிந்த யாரும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நடக்கலாம், பழைய போட்டோ வைத்திருப்பவர் கண்காட்சி வைக்கலாம். புதிதாக வந்தவருக்கு ஏற்ற மாதம் இதுதான். உங்கள் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். ஆகஸ்ட் 29-ல் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றம், செப்டம்பர் 8 வரை. அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் அன்றைக்குக் காரை எடுப்பதில்லை. புரட்டாசியில் பூக்கடைப் பக்கத்திலிருந்து திருப்பதிப் பெருமாளுக்கான குடைகள் ஊர்வலமாகக் கிளம்பி யானைக்கவுனியைத் தாண்டும். வடசென்னைவாசிகள் வருடத்தை அதை வைத்தே கணக்குப் போடுவார்கள். மார்கழியில் சபாக்கள். பகல் நேரக் கச்சேரிகள் நிறைய இலவசம், வாசல் பலகையில் அன்றைய பட்டியல் இருக்கும், கேன்டீனுக்குப் பாட்டுக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

வருடம் முழுக்க நடப்பவற்றுக்கு இரண்டு வகை இடங்களைப் பிடியுங்கள். நூலகம், பூங்கா. அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலக அரங்கம் இல்லாத தமிழ் இலக்கியக் கூட்டக் காலண்டரை நினைத்துப் பார்க்க முடியாது. 2010-ல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே நிகழ்ச்சிகள் உண்டு. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலை சின்னப் பிள்ளைகள் மைக் இல்லாமல் பாடும் கச்சேரி இருக்கிறது. நீங்கள் தவறவிட்டது அந்த ரகமாகத்தான் இருக்கும். மரம் பார்க்க "நிழல்" அமைப்பின் மர நடை, பறவை பார்க்க 1978-லிருந்து இயங்கும் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம். தமிழ் நாளிதழ்களின் சென்னைப் பக்கத்தில் மூலையில் வரும் இன்றைய நிகழ்ச்சிப் பட்டியலையும் பாருங்கள். உபன்யாசம், இலவசக் கண் சிகிச்சை, பட்டிமன்றம் எல்லாம் கலந்து கிடக்கும், ஆனால் நேரமும் இடமும் பொதுவாகச் சரியாக இருக்கும்.

இப்போது வாட்ஸ்அப். அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். பால் வண்டி வரவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது என்பதற்கு அதைவிட வேகமானது எதுவும் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் அதை நம்பி இருக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நாசா எச்சரித்ததாக ஒரு பொய்ச் செய்தி நகரம் முழுக்கச் சுற்றியது. ஏற்கெனவே மாடியில் நின்றுகொண்டிருந்த மக்கள் அதைப் படித்து நடுங்கினார்கள். பகுதி வதந்தியை அடையாளம் காண ஒரு எளிய வழி: "நாளை" என்று இருக்கும், தேதி இருக்காது. "நம் பகுதியில்" என்று இருக்கும், தெருப் பெயர் இருக்காது. அந்த மாதிரிச் செய்தி மூன்று வருடமாக வலம் வந்துகொண்டிருக்கலாம்.

மழைக்கு நேரடி மூலத்தைப் பாருங்கள். சென்னை வானிலை மையத்தின் அறிவிப்பு ஒன்று. அடையாறு ஓரமாகவோ தாழ்வான இடத்திலோ இருந்தால் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் இன்னொன்று. முழுக் கொள்ளளவு 24 அடி, 3,645 மில்லியன் கன அடி. குடிநீர் வாரியம் தினமும் ஏரி அளவுகளை வெளியிடுகிறது. 22 அடியை நெருங்குகிறது, மழையும் நிற்கவில்லை என்றால், உபரி நீர் திறக்கும் செய்தி வரப்போகிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். வேளச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு அறிகுறி உண்டு: கனமழை எச்சரிக்கை வந்ததும் மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக வந்து நிற்க ஆரம்பிக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பட்டவர்கள் அவர்கள். இன்னொன்று, வெள்ளத்தில் முதலில் போவது கரன்ட், அடுத்தது செல்போன் டவர். வார்டு அலுவலகம், பக்கத்து வீடு, பால்காரர், ஆட்டோக்காரர் ஆகியோரின் எண்களைக் காகிதத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

ஒருவேளை கொஞ்ச நாளில் நீங்களே ஏதாவது நடத்த ஆசைப்படலாம், தெருப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டியோ, பழைய புத்தகப் பரிமாற்றமோ. அபார்ட்மென்ட் வளாகத்துக்குள் என்றால் சங்கத்தின் சம்மதம் போதும். மாநகராட்சிப் பூங்கா என்றால் மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டும். தெருவில் மேடை, ஊர்வலம் என்றால் போலீஸ் அனுமதி; ஐந்து நாள் முன்னதாக மனு கொடுக்கச் சொல்வார்கள். 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்திலிருந்து வரும் நடைமுறை அது. ஒலிபெருக்கிக்குத் தனியாகக் கேளுங்கள், இரவு 10 முதல் காலை 6 வரை கிடைக்காது. குடியிருப்புப் பகுதியில் பகலிலேயே 55 டெசிபல்தான் வரம்பு, நம் மைக் செட்டுக்காரர்கள் கேள்விப்பட்டிராத எண். வாடகை பேசும்போதே கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், பெட்டி ஸ்பீக்கர் இரண்டு போதும் என்று சொல்லிவிடுங்கள். நோட்டீஸில் தேதி, கிழமை, நேரம், தெருப் பெயர் நான்கையும் பெரிய எழுத்தில் போட்டு இஸ்திரி வண்டி, மளிகைக் கடை, பள்ளி வாசல் ஆகிய இடங்களில் கொடுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று அன்றைக்கு உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். ரோந்து வருகிறவர் கேட்பார்.